பில்ட் ஓடுகிறது, எடிட்டருக்கு மட்டும் ஸ்ட்ரிங்.ஹெச் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை

சிப்புக்குள்_நான்:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எஸ்டிஎம்32எஃப்4 மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கு சி-யில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கம்பைலர் ஆர்ம்-நன்-இஏபிஐ-ஜிசிசி (ஆர்ம் சிப்புகளுக்கான ஜிசிசி), நானே எழுதிய மேக்ஃபைல். டெர்மினலில் மேக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கை கூட இல்லாமல் முடிகிறது, போர்டில் ஏற்றினால் எல்இடி சிமிட்டுகிறது. ஆனால் விஎஸ் கோட் எடிட்டரில் கிளாங்டி (எழுதும்போதே நிரலைச் சரிபார்க்கும் துணைக் கருவி) போட்டுத் திறந்தால் ஸ்ட்ரிங்.ஹெச் ஹெடரைச் சேர்க்கும் வரியின் அடியிலேயே சிவப்புக் கோடு, ஃபைல் கிடைக்கவில்லையாம். அதற்குக் கீழே பாதிப் பக்கம் சிவப்பு.

பியர் என்ற கருவி வைத்து மேக்கை ஓட்டினால் கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன் (எந்த ஃபைல் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்ற பட்டியல்) கிடைக்கும் என்று படித்தேன், அதையும் செய்துவிட்டேன், ஃபைல் ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரிலேயே இருக்கிறது. அப்புறமும் போகவில்லை. கடைசியில் .கிளாங்டி என்ற அதன் செட்டிங்ஸ் ஃபைலில் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் பாதையைச் சேர்த்தேன். ஸ்ட்ரிங்.ஹெச் கிடைத்துவிட்டது, இப்போது அதற்குள்ளே இருந்து பிட்ஸ்/லிப்சி-ஹெடர்-ஸ்டார்ட்.ஹெச் கிடைக்கவில்லை என்று புது எரர். அதைத் தேடி இன்னொரு பாதை, அப்புறம் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?


பழைய_மேக்ஃபைல்:

முதலில் அந்த /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் வரியை எடுத்துவிடுங்கள் தம்பி, இப்போதே. அங்கே இருப்பது உங்கள் லேப்டாப்பின் ஸ்ட்ரிங்.ஹெச், அதாவது லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி-யின் ஹெடர். உங்கள் போர்டுக்குப் போகும் நிரல் அதைத் தொடுவதே இல்லை, அது சின்னச் சிப்புகளுக்கான சி நூலகமான நியூலிப்பின் ஸ்ட்ரிங்.ஹெச்சோடு பில்ட் ஆகிறது. பெயர் ஒன்று, வீடு வேறு. நீங்கள் தேடிப்போன அந்த லிப்சி-ஹெடர்-ஸ்டார்ட் என்பது லேப்டாப்பின் எக்ஸ்86 64-பிட் கட்டமைப்புக்கு என்று தனியாக இருக்கும் உட்ஃபோல்டரில் கிடக்கிறது. கிளாங்டி உங்கள் நிரலை ஆர்ம் என்று சரியாகவே புரிந்துகொண்டதால்தான் அந்த உட்ஃபோல்டருக்குள் அது போகவில்லை. அதையும் கொண்டுவந்து சேர்த்தீர்கள் என்றால் சிவப்பு ஒருவேளை போகலாம், ஆனால் எடிட்டர் காட்டுவது எல்லாம் லேப்டாப்பின் கதையாக இருக்கும்.

நடப்பது இதுதான். ஒரு ஹெடரைத் தேட ஜிசிசி-யிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் மேக்ஃபைலில் கேப்பிடல் ஐ ஃப்ளாக் போட்டுக் கொடுக்கும் பாதைகள். இன்னொன்று கம்பைலரைக் கட்டும்போதே அதற்குள் வைத்துக் கட்டிவிட்ட பட்டியல், அதை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. பியர் என்ன செய்கிறது? மேக் எந்தெந்தக் கட்டளைகளை ஓட்டுகிறது என்று பார்த்து அப்படியே எழுதிவைக்கிறது. கட்டளையில் இல்லாததை அது எப்படி எழுதும்? ஆக இரண்டாவது பட்டியல் கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசனில் வரவே வராது. கிளாங்டியோ ஜிசிசி கிடையாது, அது கிளாங் என்ற வேறொரு கம்பைலரின் மேல் கட்டியது. உங்கள் ஜிசிசி-யின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

அந்தப் பட்டியலை நீங்களே பார்க்கலாம். டெர்மினலில் ஆர்ம் ஜிசிசி-யின் பெயர், அதன் பின் கோடு (ஹைஃபன்) எக்ஸ் இடைவெளி சி, கோடு கேப்பிடல் இ, கோடு சின்ன வி, கடைசியில் தனியாக ஒரு கோடு. அதற்கு உள்ளீடாக /டெவ்/நல் கொடுங்கள். கேப்பிடல் இ என்றால் ப்ரீபிராசஸர் வரை மட்டும் ஓடு, சின்ன வி என்றால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய், தனிக் கோடு என்றால் ஃபைலுக்குப் பதில் உள்ளீட்டிலிருந்து படி. நிறைய கொட்டும், அதற்கு நடுவில் "தேடல் இங்கே தொடங்குகிறது" என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி வரும், அதிலிருந்து "தேடல் பட்டியல் முடிந்தது" என்ற வரி வரைக்கும் இருப்பதை இங்கே போடுங்கள். இது எல்லாம் எரர் அவுட்புட்டில்தான் வரும், ஃபைலுக்குத் திருப்பினால் அதைத் திருப்ப மறக்காதீர்கள்.


சிப்புக்குள்_நான்:

செய்தேன் அண்ணா. மூன்று பாதைகள் வருகின்றன. டூல்செயினை (கம்பைலரும் அதன் நூலகங்களும் சேர்ந்த தொகுப்பு) /ஆப்ட் கீழே விரித்து வைத்திருக்கிறேன், எல்லாம் அதற்குள்தான். முதலாவது லிப்/ஜிசிசி/ஆர்ம்-நன்-இஏபிஐ/13.2.1/இன்க்ளூட், இரண்டாவது அதே இடத்தில் இன்க்ளூட்-ஃபிக்ஸ்ட், மூன்றாவது நான்கைந்து முறை மேலே ஏறி இறங்கி ஆர்ம்-நன்-இஏபிஐ/இன்க்ளூட். ஸ்ட்ரிங்.ஹெச் அந்த மூன்றாவதில் இருக்கிறது. இந்த மூன்றையும் .கிளாங்டியில் போட்டுவிட்டால் போதுமா?


நேர்வழி:

போதும். நான் ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். மூன்று வரி காப்பி பண்ணிப் போடு, வேலையைப் பார். இதற்கு மேல் எதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை.


பழைய_மேக்ஃபைல்:

போட்டால் ஓடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு டூல்செயினை மாற்றினால் 13.2.1 என்ற ஃபோல்டர் இருக்காது, திரும்ப சிவப்பு. உங்களோடு வேலை செய்பவர் அதை /ஆப்ட்டில் வைக்காமல் ஹோமில் வைத்திருந்தால் அவருக்கு முதல் நாளே சிவப்பு. பாதையை எழுதிவைப்பதை விட, எடிட்டரையே கம்பைலரிடம் கேட்கச் சொல்வது நல்லது. நீங்கள் இப்போது கையால் ஓட்டிய அதே கட்டளையைக் கிளாங்டியும் ஓட்டும், அதே பட்டியலைப் படித்துக்கொள்ளும்.

அதற்கான ஃப்ளாக் குவெரி-டிரைவர். இரண்டு கோடு, குவெரி-டிரைவர், சமக்குறி, அப்புறம் எந்தக் கம்பைலரை ஓட்டலாம் என்பதற்கான வடிவம் (நட்சத்திரக் குறி போட்ட பாதை). விஎஸ் கோட் செட்டிங்ஸில் கிளாங்டி ஆர்க்யூமென்ட்ஸ் என்ற இடத்தில் சேர்க்க வேண்டும்.

ஏன் இதைத் தானாகவே செய்யக்கூடாது என்று கேட்பீர்கள். கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசனில் கம்பைலர் என்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். யாரோ ஒருவரின் ப்ராஜெக்டை இறக்கி, ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கிறீர்கள். திறந்த உடனே அதில் எழுதியிருக்கும் ஏதோ ஒரு புரோகிராமை உங்கள் கணினியில் எடிட்டர் ஓட்டினால் என்ன ஆகும்? அதனால்தான் எதை ஓட்டலாம் என்று உங்கள் அனுமதியைக் கேட்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.


சிப்புக்குள்_நான்:

குவெரி-டிரைவர் போட்டேன். /யுஎஸ்ஆர்/பின்/ஆர்ம்-நன்-இஏபிஐ-நட்சத்திரம் என்று கொடுத்தேன், ஒரு வலைப்பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. எடிட்டரை மூடித் திறந்தேன். எந்த மாற்றமும் இல்லை, எரரும் இல்லை.


தேடல்பாதை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதே இடத்தில் நானும் ஒரு வாரம் மாட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். உங்கள் டூல்செயின் /ஆப்ட்டில் இருக்கிறது என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள், அனுமதி கொடுத்திருப்பதோ /யுஎஸ்ஆர்/பின் கீழே இருப்பதற்கு. வடிவம் பொருந்தவில்லை என்றால் கிளாங்டி சத்தமே போடாது, கேட்காமல் விட்டுவிடும். இதுதான் இந்த ஃப்ளாக்கில் எல்லோரையும் வீழ்த்தும் இடம், இதற்கு ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கலாம் என்பது என் ஆசை.

/ஆப்ட்/ இரண்டு நட்சத்திரம் /ஆர்ம்-நன்-இஏபிஐ-ஒரு நட்சத்திரம் என்று கொடுங்கள். ஒற்றை நட்சத்திரம் ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் பொருந்தும், இரட்டை எத்தனை ஃபோல்டர் ஆழமானாலும் போகும். ஜிசிசி, ஜி++ இரண்டும் அந்தக் கடைசி நட்சத்திரத்தில் அடங்கிவிடும். ஒன்றுக்கு மேல் டூல்செயின் இருந்தால் கமா போட்டு அடுத்ததை எழுதலாம்.

அப்புறம் ஊகிக்காதீர்கள், லாகைப் பாருங்கள். அவுட்புட் பேனலில் கிளாங்டி என்று தேர்ந்தெடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுவிட்டது என்றால் சிஸ்டம் இன்க்ளூட்ஸ் எக்ஸ்ட்ராக்டர் என்று தொடங்கும் வரியில் இந்த டிரைவரை ஓட்டினேன், இந்தப் பாதைகள் கிடைத்தன, டார்கெட் இது என்று மூன்றும் வரும். அந்த வரியே இல்லையென்றால் அனுமதி பொருந்தவில்லை அல்லது ஜேசன் ஃபைல் கண்ணில் படவில்லை. லாக் அளவை வெர்போஸ் என்று மாற்றினால் அனுமதிக்கப்படாத டிரைவர் என்று அது பெயர் சொல்லியே எழுதும்.

இன்னொன்று. பியர் ஓட்டும் முன் மேக் கிளீன் கொடுத்தீர்களா? ஏற்கனவே பில்ட் ஆகி இருந்த ஃபைல்களை மேக் மறுபடி கம்பைல் செய்யாது, ஓடாத கட்டளையைப் பியர் எழுதாது, ஜேசனில் பாதி ஃபைல்கள் விட்டுப்போகும்.


சிப்புக்குள்_நான்:

அக்கா, வந்துவிட்டது!! லாகில் மூன்று பாதைகளும் அப்படியே இருக்கின்றன. ஸ்ட்ரிங்.ஹெச் சிவப்பு போய்விட்டது. மேக் கிளீன் கொடுக்காமல்தான் பியர் ஓட்டியிருக்கிறேன், ஜேசனில் இரண்டே ஃபைல்கள் இருந்தன, இப்போது பதினொன்று.

ஒன்று கேட்க வேண்டும். ஆரம்பத்தில், ஜேசன் ஃபைல் போடுவதற்கு முன்னால், ஸ்ட்ரிங்.ஹெச்சில் சிவப்பே இல்லை. பாயிண்டரின் அளவு 4 பைட் என்று நான் எழுதியிருந்த ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் மட்டும்தான் எடிட்டரில் தவறு என்று காட்டியது. அதை எடிட்டரின் பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுவும் இதே விஷயமா?


பழைய_மேக்ஃபைல்:

அதே விஷயம்தான், அதிலும் மோசமான வடிவம். ஜேசன் இல்லாதபோது கிளாங்டி உங்கள் நிரலை லேப்டாப்புக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டது. லேப்டாப் ஹெடர்கள் கிடைத்தன, சிவப்பு இல்லை, பாயிண்டர் 8 பைட், லாங் 8 பைட். உங்கள் போர்டில் இருக்கும் கார்டெக்ஸ்-எம்4 ப்ராசஸரில் இரண்டும் 4. அந்த ஒரு அசர்ட் இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்திருப்பீர்கள். ஸ்ட்ரக்டின் மேல் மவுஸ் வைத்தால் காட்டும் அளவுகள், ஆஃப்செட்கள் எல்லாமே பொய்யாக இருந்திருக்கும். சிவப்புக் கோடு இல்லை என்பதற்காகப் பாதை சரி என்று அர்த்தமில்லை, சரியான வீட்டின் ஹெடரா என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங்.ஹெச் மேல் கன்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்து, எந்த ஃபைல் திறக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். எப்போது புது ப்ராஜெக்ட் திறந்தாலும் எனக்கு இதுதான் முதல் வேலை.

நேர்வழி நண்பருக்கும் இதையே சொல்கிறேன். அந்த இரண்டாவது பட்டியல் நிலையானதே கிடையாது. சி++ மொழியில் கேட்டால் வேறு பட்டியல், சி-யில் கேட்டால் வேறு. உங்கள் ப்ராசஸர் எது என்று சொல்லும் எம்சிபியு, தம்ப், ஹார்ட் ஃப்ளோட் ஃப்ளாக்குகளோடு ஆர்ம் ஜி++-ஐக் கேட்டுப் பாருங்கள், தம்ப்/வி7இ-எம்+எஃப்பி/ஹார்ட் என்று முடியும் ஒரு பாதை நடுவில் வரும், ஃப்ளாக் இல்லாமல் கேட்டால் அது வராது. நூலகத்தின் சிறிய வடிவத்துக்கான நானோ ஸ்பெக்ஸ் கொடுத்தால் நியூலிப்-நானோ என்று இன்னொன்று முன்னால் வந்து நிற்கும். கையால் எழுதுவதாக இருந்தாலும் மேக்ஃபைலில் இருக்கும் அதே ஃப்ளாக்குகளோடு கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வரிசையும் முக்கியம். லேப்டாப்பிலேயே நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். சி++ நூலகத்தின் சிஎஸ்டிடிலிப் ஹெடர், ஜிசிசி 6-லிருந்து, எஸ்டிடிலிப்.ஹெச்சை இன்க்ளூட்_நெக்ஸ்ட் என்று கூப்பிடுகிறது. அதற்கு அர்த்தம், நான் கிடைத்த ஃபோல்டருக்கு அடுத்து பட்டியலில் இருக்கும் ஃபோல்டர்களில் தேடு என்பது. யாராவது /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்டை ஐசிஸ்டம் (இது சிஸ்டம் ஹெடர் பாதை என்று சொல்லும்) ஃப்ளாக் போட்டு முன்னால் தள்ளிவிட்டால், சி++ ஃபோல்டருக்குப் பின்னால் அது இருக்காது. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், கம்பைலர் இல்லை என்று சொல்லும். இதில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.


நேர்வழி:

சரி, வரிசை விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்த எஸ்டிடிலிப் எரரை நானே பார்த்திருக்கிறேன், அப்போது காரணம் தெரியாமல் பாதைகளை மேலும் கீழும் மாற்றிப் போட்டு முடித்தேன். ஆனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் இருப்பது ஜிசிசி வழியில் பேசாத ஒரு கம்பைலர். சின்ன வி கொடுத்தால் அந்தப் பட்டியலை அது தராது. குவெரி-டிரைவர் அங்கே செல்லாது. கையால் பாதையும், கம்பைலர் தானாக வரையறுக்கும் மேக்ரோக்களையும் எழுதித்தான் ஆக வேண்டும். அங்கே வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.


பழைய_மேக்ஃபைல்:

இல்லை, அங்கே நீங்கள் செய்வதுதான் சரி. குவெரி-டிரைவர் ஜிசிசி மாதிரிப் பேசும் கம்பைலர்களுக்கு மட்டும்தான். கம்பைலரோடு வரும் கையேட்டில் தேடல் வரிசையும் முன்வரையறுத்த மேக்ரோக்களும் இருக்கும், அதைப் பார்த்து, கேப்பிடல் ஐ-க்குப் பதில் ஐசிஸ்டம் போட்டு எழுதுங்கள். அப்போதுதான் அந்த ஹெடர்களுக்குள் இருக்கும் எச்சரிக்கைகள் எல்லாம் உங்கள் திரையில் வந்து கொட்டாது.


இரவுப்பில்ட்:

இதே இழையில் கேட்கலாமா? எனக்கு போர்டு எதுவும் இல்லை, சாதாரண சி++, உபுண்டு 22.04. ஜி++ கொடுத்தால் பில்ட் ஆகிறது. எடிட்டரில் ஐஓஸ்ட்ரீம் ஹெடர் கிடைக்கவில்லை. கிளாங்++ கொண்டு டெர்மினலில் பில்ட் செய்தாலும் அதே எரர், ஆகவே எடிட்டரின் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.


தேடல்பாதை:

நல்ல தகவல் கொடுத்தீர்கள், கிளாங்++ கொண்டும் வருகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. லினக்ஸில் கிளாங் பெரும்பாலும் ஜிசிசி-யின் சி++ நூலகத்தைத்தான் கடன் வாங்குகிறது. எந்த ஜிசிசி என்று தேட /யுஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி கீழே போய், இருப்பதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும். கிளாங்++ கோடு வி என்று கொடுங்கள், தேர்ந்தெடுத்த ஜிசிசி நிறுவல் எது என்று ஒரு வரி சொல்லும், 12 என்று முடிந்தால் நான் நினைப்பது சரி. 22.04-ல் வழக்கமான ஜிசிசி 11. ஆனால் வேறு ஏதோ பேக்கேஜ் கூடவே 12-ன் ஃபோல்டரை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கும், சி++ ஹெடர்கள் இல்லாமல். கிளாங் அந்தக் காலி வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ஜி++ 11-க்குத் தன் பட்டியல் தெரியும், அதனால் அதற்குப் பிரச்சினை இல்லை.

லிப்எஸ்டிடிசி++-12-டெவ் என்ற பேக்கேஜை ஏப்ட் வழியாக நிறுவுங்கள். எடிட்டரில் எதையும் தொட வேண்டாம்.


இரவுப்பில்ட்:

12 தான். நிறுவினேன், கிளாங்டியை ரீஸ்டார்ட் செய்தேன், ஐஓஸ்ட்ரீம் வந்துவிட்டது. இதற்காக ஒரு தடவை உபுண்டுவையே திரும்ப நிறுவினேன் அக்கா. மிக்க நன்றி.


ஜன்னலோரம்:

விண்டோஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்எஸ்ஒய்எஸ்2-லிருந்து வந்த ஜி++ வைத்திருக்கிறீர்கள், கிளாங்டி போட்டிருக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் கிளாங்டி இயல்பாக மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் ஹெடர்களைத் தேடும். விஷுவல் ஸ்டுடியோ இல்லாத கணினியில் எல்லாமே சிவப்பு. குவெரி-டிரைவரில் உங்கள் ஜி++.இஎக்ஸ்இ-யின் பாதையைக் கொடுங்கள், ஜேசனில் பின்சாய்வுக் கோடு போட்டால் இரட்டையாகப் போட வேண்டும், சாதாரணச் சாய்வுக் கோடு போட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

கிளாங்டி வேண்டாம், மைக்ரோசாஃப்டின் சி/சி++ எக்ஸ்டென்ஷன் போதும் என்பவர்களுக்கு இதே வேலையைச் செய்வது கம்பைலர்பாத் என்ற ஒரு வரி. சி_சிபிபி_ப்ராபர்ட்டீஸ்.ஜேசனில் கம்பைலரின் முழுப் பாதையை எழுதினால் அதுவே போய்க் கேட்டுக்கொள்ளும், இன்டெலிசென்ஸ்மோட் மட்டும் கம்பைலருக்குப் பொருந்த இருக்க வேண்டும். பலர் கம்பைலர்பாத்தை விட்டுவிட்டு இன்க்ளூட்பாத்தில் இருபது வரி எழுதிவைத்திருப்பதைப் பார்க்கிறேன். அது உங்கள் சொந்த ஹெடர்களுக்கான இடம். இரண்டு எக்ஸ்டென்ஷனையும் ஒன்றாக ஓட விடாதீர்கள், ஒன்றின் இன்டெலிசென்ஸை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே வரிக்கு இரண்டு பேர் இரண்டு தீர்ப்பு சொல்வார்கள்.


இஎஸ்பி_பயணி:

இஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் குவெரி-டிரைவர் போட்டும் எம்லாங்கால்ஸ் தெரியாத ஃப்ளாக் என்று எரர் வந்தால் பயப்பட வேண்டாம். பாதை எல்லாம் கிடைத்துவிட்டது, எக்ஸ்டென்சா கட்டமைப்புக்கான அந்த ஜிசிசி ஃப்ளாக்தான் கிளாங்கிற்குத் தெரியவில்லை. .கிளாங்டி ஃபைலில் கம்பைல்ஃப்ளாக்ஸ் கீழே ரிமூவ் என்று போட்டு அதை நீக்கிவிடலாம். இஎஸ்பி32 தயாரிக்கும் எஸ்பிரெஸிஃப் தன் சிப்புகளுக்கென்றே ஒரு கிளாங்டி தருகிறது, அதைப் போட்டால் இன்னும் நல்லது.


வகுப்பறைக்_கிளஸ்டர்:

எங்கள் ஆய்வகத்தில் ஒரே சர்வரைப் பலர் பயன்படுத்துகிறோம், மாட்யூல் லோட் என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் நூலகங்கள் வரும். பில்ட் ஆகிறது, எடிட்டரில் இல்லை. மேலே சொன்ன சின்ன வி கட்டளையை மாட்யூல் லோட் கொடுத்த டெர்மினலில் ஓட்டினால் ஐந்து பாதை கூடுதலாக வருகிறது, புது டெர்மினலில் ஓட்டினால் அவை இல்லை. எப்படி?


பழைய_மேக்ஃபைல்:

சிபாத் என்ற என்விரான்மென்ட் மாறியைப் பாருங்கள். அதோடு சிபிளஸ்_இன்க்ளூட்_பாத் என்பதும் உண்டு. ஜிசிசி இவற்றையும் படித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். மாட்யூல் லோட் அதைத்தான் நிரப்பியிருக்கிறது. இதுவும் கட்டளையில் எழுதப்படாத ஒன்று, அதனால் ஜேசனில் வராது. மாட்யூல் லோட் கொடுத்த அதே டெர்மினலிலிருந்து எடிட்டரைத் திறந்தால் கிளாங்டிக்கும் அந்த மாறி போய்ச் சேரும். நிலையாக வேண்டுமென்றால் பில்ட் ஃபைலிலேயே அந்த நூலகங்களின் பாதையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும், ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கும் புரியும்.

சிமேக் (பில்ட் ஃபைல்களை உருவாக்கித் தரும் கருவி) பயன்படுத்துபவர்கள் யாராவது அடுத்துக் கேட்பார்கள், அதனால் இப்போதே. எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற மாறியை ஆன் செய்தால் அதுவே ஜேசன் எழுதும், பியர் தேவையில்லை, மேக்ஃபைல், நிஞ்ஜா இரண்டு ஜெனரேட்டருக்கு மட்டும். கம்பைலரின் உள்பட்டியலை சிமேக் தானே கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறது, இம்ப்ளிசிட் இன்க்ளூட் டைரக்டரீஸ் என்ற மாறியில். ஆனால் கட்டளையில் அவற்றை வேண்டுமென்றே எழுதாது. குவெரி-டிரைவர் கொடுக்க முடியாத எடிட்டரில் மாட்டிக்கொண்டால், அந்த மாறியின் மதிப்பை ஸ்டாண்டர்ட் இன்க்ளூட் டைரக்டரீஸ் என்ற மாறிக்குக் கொடுங்கள், ஜேசனில் பாதைகள் வெளியே வந்துவிடும்.


சிப்புக்குள்_நான்:

எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்டாட்டிக் அசர்ட் அமைதியாகிவிட்டது, லாங் மேல் மவுஸ் வைத்தால் 4 காட்டுகிறது, ஸ்ட்ரிங்.ஹெச்சைக் கிளிக் செய்தால் /ஆப்ட் கீழே இருக்கும் ஃபைல் திறக்கிறது. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் நான்கு பேர். குவெரி-டிரைவரை .கிளாங்டி ஃபைலில் எழுதி கிட் (நிரலைக் குழுவாகப் பகிரும் கருவி) ரெப்போவில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் வந்துவிடுமா?


தேடல்பாதை:

.கிளாங்டியில் எழுத முடியாது. அனுமதி கேட்பதே ப்ராஜெக்டுக்குள் வரும் ஃபைலை நம்பாமல்தான், ப்ராஜெக்டுக்குள் இருக்கும் .கிளாங்டியே அனுமதி கொடுத்துக்கொண்டால் அர்த்தம் இல்லாமல் போய்விடும். அது கிளாங்டியைத் தொடங்கும்போது கொடுக்கும் ஃப்ளாக் மட்டும்தான். எல்லோரும் விஎஸ் கோட் என்றால் .விஎஸ்கோட் ஃபோல்டரில் செட்டிங்ஸ்.ஜேசனில் போட்டு கிட்டில் சேருங்கள், திறக்கும்போது இந்த ஃபோல்டரை நம்பலாமா என்று எடிட்டர் கேட்கும், ஆம் சொன்னால் போதும். டூல்செயினை ஆளுக்கு ஓர் இடத்தில் வைத்திருந்தால் வடிவத்தை /ஆப்ட் ஒன்று, ஹோம் ஒன்று என்று கமா போட்டு இரண்டாக எழுதிவிடுங்கள். கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசனை மட்டும் கிட்டில் போடாதீர்கள், அதில் உங்கள் கணினியின் முழுப் பாதைகள் இருக்கும். அவரவர் பியர் ஓட்டி எடுத்துக்கொள்ளட்டும், மேக் கிளீன் கொடுத்துவிட்டு.